பழைய பிரிட்டிஷ் காருக்குச் சிறு பாகங்கள்: ஈசூன் வாசகருக்குப் பதில்

சிங்கப்பூரின் ஈசூனில் வசிக்கும் வாசகர் ஒருவர் எழுதிய கடிதத்தின் சுருக்கம்:

"1967ஆம் ஆண்டின் டிரையம்ஃப் ஹெரால்டு 1200 கார் ஒன்றை, அதை நெடுங்காலம் வைத்திருந்த குடும்பத்தாரிடம் வாங்கி, ஓய்வு நாள்களில் என் அண்ணனின் பட்டறையில் வைத்துச் சீர்செய்து வருகிறேன். எஞ்சின், கியர்பாக்ஸ், சேஸி வேலைகள் முடிந்துவிட்டன. சின்னச் சின்னப் பாகங்கள்தாம் பாடாய்ப் படுத்துகின்றன. பின்விளக்குக் கண்ணாடியைப் பிடிக்கும் திருகு ஒன்று காணாமற்போனது. ஹார்ட்வேர் கடையில் எம் 5 என்று கொடுத்த திருகு இரண்டு மூன்று சுற்று சென்று இறுகிவிட்டது. பெட்ரோல் முள்ளும் வெப்ப முள்ளும் எந்நேரமும் மேலே ஏறி நிற்கின்றன. முன்சக்கரத் தண்டின் அடிமுனை இறங்கும் டிரன்னியன், பிரேக் சிலிண்டர் ரப்பர்கள், கதவுக் கண்ணாடியை ஏற்றி இறக்கும் கைப்பிடி, அதற்குரிய பின் ஆகியவையும் தேவை. இங்கிலாந்திலிருந்து ஒவ்வொன்றாக வரவழைப்பது கட்டுப்படியாகவில்லை. சென்னையில் எங்களுக்கு உறவினர் உண்டு. அங்கே ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஓடியதாகச் சொல்கிறார்கள். அதன் பாகங்கள் பொருந்துமா? முப்பரிமாண அச்சில் செய்துகொள்ளலாமா? எங்கே தேடுவது என்று வழிகாட்டுங்கள், ஐயா."

அன்புள்ள வாசகருக்கு,

எங்கே தேடுவது என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் பட்டியலைப் படித்தபோது, எதைத் தேடுவது என்பதே இன்னும் முடிவாகவில்லை என்று தோன்றியது. "பின்விளக்குத் திருகு", "கைப்பிடி பின்" என்ற பெயர்களைச் சொல்லிக் கேட்டால் இங்கிலாந்தின் கவென்ட்ரியில் உள்ள கடைக்காரரும் உங்களுக்கு உதவ முடியாது. அதே பாகத்தை அதன் எண்ணையோ, விட்டத்தையும் மரையையுமோ சொல்லிக் கேட்டால், உங்கள் பட்டியலில் பாதி இந்தத் தீவிலேயே கிடைத்துவிடும். இந்தத் தொழிலில் நான் பார்த்தவரையில், கிடைக்காத பாகங்களைவிட அடையாளம் தெரியாத பாகங்களே அதிகம்.

இதற்குக் காரணம் அந்தக் காலத்து பிரிட்டிஷ் கார்த் தொழிலின் அமைப்பிலேயே இருக்கிறது. ஹெரால்டை வடிவமைத்தவர் இத்தாலியரான ஜோவான்னி மிக்கெலோட்டி. 1959இல் அதை வெளியிட்டது ஸ்டாண்டர்டு டிரையம்ஃப் நிறுவனம். ஆனால், காரில் உள்ள சிறு பாகங்களில் பெரும்பகுதியை அந்த நிறுவனம் செய்யவே இல்லை. மின்சாதனங்கள் லூகாஸ், பிரேக் கர்லிங், அளவுக் கருவிகள் ஸ்மித்ஸ், கார்புரேட்டர் சோலெக்ஸ், பூட்டுகளும் கைப்பிடிகளும் பெரும்பாலும் வில்மாட் பிரீடன் என்று வெளியிலிருந்தே வந்தன. இதே நிறுவனங்கள்தாம் மாரிஸ், ஆஸ்டின், எம்ஜி, ஜாகுவார், லேண்ட் ரோவர் ஆகியவற்றுக்கும் பாகங்கள் கொடுத்தன. பிற்காலத்து மாரிஸ் மரீனாவின் கதவுக் கைப்பிடி ஆஸ்டின் அலெக்ரோவிலும், டிரையம்ஃப் டிஆர்7இலும், விலையுயர்ந்த லோட்டஸ் எஸ்பிரிட்டிலும் பொருத்தப்பட்டிருந்தது என்பதைப் பழைய கார்ப் பிரியர்கள் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். ஆகவே ஹெரால்டு என்று எழுதிய பெட்டியை மட்டும் தேடுபவர், அதே பாகம் வேறொரு காரின் பெயரில் குறைந்த விலைக்கு விற்பதைக் காணாமலே போய்விடுவார்.

முதல் வேலையாக, பானெட்டைத் திறந்து அங்கே உள்ள தகட்டில் காரின் கமிஷன் எண்ணை, அதாவது தொழிற்சாலை அந்தக் காருக்கு இட்ட வரிசை எண்ணை, குறித்துக்கொள்ளுங்கள். ஹெரால்டு 1200 என்றால் அந்த எண் ஜிஏ என்ற எழுத்துகளில் தொடங்கும். உதிரிபாகப் பட்டியல் நூல்களில் "இன்ன கமிஷன் எண் வரை ஒரு பாகம், அதற்குப் பின் வேறு பாகம்" என்று பிரித்தே தந்திருப்பார்கள். பதிவு அட்டையில் உள்ள ஆண்டை மட்டும் நம்பி வாங்கினால் பாதி தவறாக வரும். அந்தப் பட்டியலின் மறுபதிப்பு ஒன்றை வாங்கிவிடுங்கள். லிங்கன் நகரத்து ரிம்மர் பிரதர்ஸ் போன்ற விற்பனையாளர்கள் பாகங்களைப் பிரித்துக் காட்டும் படங்களை இணையத்திலேயே வைத்திருக்கிறார்கள் என்றாலும், எண்ணெய்க் கையோடு புரட்டிப் பார்க்கத் தாள் நூல் ஒன்று பட்டறையில் இருப்பது நல்லது. அடுத்து, கழற்றிய ஒவ்வொரு லூகாஸ் பாகத்தையும் துடைத்துவிட்டு வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். ஐந்திலக்க எண் ஒன்றும், பக்கத்திலேயே தயாரித்த மாதமும் ஆண்டும் பொறிக்கப்பட்டிருக்கும். 6 67 என்று இருந்தால் 1967 ஜூன் மாதத்தில் செய்த பாகம். உங்கள் காரோடு அந்த ஆண்டு ஒத்துப்போகிறதா என்று பார்த்தால், அந்தப் பாகம் காரோடு பிறந்ததா, இடையில் யாரோ மாட்டியதா என்பதும் தெரிந்துவிடும். மாட்டப்பட்டது தவறான பாகமாக இருந்தால், அதைப் பார்த்து வாங்குவதும் தவறாகவே அமையும். பூட்டுகளிலும் இப்படித்தான்: வில்மாட் பிரீடன் பூட்டின் உருளையில் எஃப்எஸ் என்று தொடங்கும் எண் தெரிந்தால், சாவி தொலைந்திருந்தாலும் அந்த எண்ணைச் சொல்லிப் புதுச் சாவி வாங்கலாம்.

இனி, இறுகிப்போன அந்தத் திருகு. இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் பழைய பிரிட்டிஷ் கார்களில் நிகழும் சேதங்களில் பெரும்பகுதி இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. ஹெரால்டு காலத்தில் ஸ்டாண்டர்டு டிரையம்ஃப் தன் போல்ட்டுகளுக்கு அமெரிக்கா, பிரிட்டன், கனடா ஆகிய மூன்று நாடுகளும் 1940களின் இறுதியில் ஒத்துக்கொண்ட யுனிஃபைடு மரையை எடுத்துக்கொண்டுவிட்டது. ஆனால், லூகாஸும் ஸ்மித்ஸும் தங்கள் சிறு திருகுகளில் பி.ஏ. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் பழைய பிரிட்டிஷ் அசோசியேஷன் மரையைக் கைவிடவில்லை. சோலெக்ஸ் பிரெஞ்சு மூலத்திலிருந்து வந்ததால் அதில் மெட்ரிக் மரை. ஆக, ஒரே காரில் மூன்று குடும்பத்து மரைகள் கலந்து கிடக்கின்றன. எம்ஜி டிசி என்ற பழைய கார் வைத்திருப்பவர்களின் பாடு இன்னும் திண்டாட்டம்: அந்த எஞ்சினில் மரை மெட்ரிக், ஆனால் போல்ட்டின் தலை பழைய பிரிட்டிஷ் அளவான விட்வர்த் ஸ்பேனருக்கு உரியது. பிரெஞ்சு நிறுவனமான ஹாட்ச்கிஸின் கவென்ட்ரி தொழிற்சாலையை மாரிஸ் வாங்கியபோது அங்கிருந்த எந்திரங்களோடு மெட்ரிக் மரையும் சேர்ந்து வந்ததன் விளைவு அது.

உங்கள் விளக்கில் இருப்பது பெரும்பாலும் 2 பி.ஏ. மரையாக இருக்கும். 2 பி.ஏ. திருகின் விட்டம் 4.7 மி.மீ., மரைக்கு மரை இடைவெளி 0.81 மி.மீ. கடைக்காரர் கொடுத்த எம் 5 திருகின் விட்டம் 5 மி.மீ., இடைவெளி 0.8 மி.மீ. மரை இடைவெளியை அளக்கும் பிட்ச் கேஜை வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். அதனால்தான் அனுபவமுள்ள கடைக்காரரும் ஏமாந்துவிடுகிறார். ஆனால் 2 பி.ஏ. மரையின் கோணம் 47.5 பாகை, எம் 5க்கு 60 பாகை. விட்டமும் பெரிது, கோணமும் வேறு. இன்னும் கொஞ்சம் அழுத்தித் திருகியிருந்தால் விளக்கின் பித்தளை மரை பிய்ந்து வந்திருக்கும். இறுகியவுடன் நிறுத்தியது நல்லதாயிற்று. அமெரிக்க வகைத் திருகுகளில் எண் 10, அங்குலத்துக்கு 32 மரை என்று ஒன்று உண்டு. அதன் விட்டம் 4.83 மி.மீ. அதுவும் இந்தத் துளையில் ஓரளவு நுழையும், ஆனால் அதுவும் இதற்கு உரியது அன்று. ஆகையால், பக்கத்து விளக்கில் மீதியிருக்கும் நல்ல திருகு ஒன்றைக் கழற்றி, வெர்னியர் காலிப்பரால் வெளிவிட்டத்தை அளந்து பாருங்கள். 4.7க்குச் சற்றுக் குறைவாக வந்தால் 2 பி.ஏ., 3.6 அளவில் வந்தால் 4 பி.ஏ. அதன்பின் துளைக்குள் மரை வெட்டும் கருவியான டேப் ஒன்றை 2 பி.ஏ. அளவில் வாங்கி, கையால் மெல்ல ஓட்டி, சேதமடைந்த மரையைச் சுத்தம் செய்துவிட்டு உரிய திருகைப் போடுங்கள். பி.ஏ. திருகுகளைச் சிறு எண்ணிக்கையில் விற்கும் கடைகள் இங்கிலாந்தில் பல உண்டு. மாதிரி ரயில் எஞ்சின் செய்பவர்கள் இன்றும் அவற்றைப் பயன்படுத்துவதால் அவை அற்றுப்போகவில்லை. கார்ப் பாகம் என்று தேடாமல் மாதிரி எஞ்சின் செய்பவர்களுக்கான கடையில் தேடினால் விலையும் குறையும்.

இதே எச்சரிக்கை பெரிய போல்ட்டுகளுக்கும் உண்டு. பழைய பிரிட்டிஷ் நுண்மரையான பிஎஸ்எஃப், கால் அங்குல அளவில் அங்குலத்துக்கு 26 மரை. யுனிஃபைடு வகையின் நுண்மரையான யுஎன்எஃப், அதே அளவில் 28. நட் ஒரு சுற்று, இரண்டு சுற்று ஏறியதும் "பொருந்துகிறது" என்று நினைத்து ஸ்பேனரைப் போட்டுவிடுவார்கள். விரலால் முழுவதும் ஏறாத நட்டை ஸ்பேனரால் ஏற்றக் கூடாது என்பதை உங்கள் அண்ணனின் பட்டறைச் சுவரிலேயே எழுதி வைக்கலாம்.

மேலேறி நிற்கும் இரு முள்களைப் பற்றி: ஒரே நேரத்தில் பெட்ரோல் அளவும் வெப்ப அளவும் மிகையாகக் காட்டினால், இரண்டு கருவிகளும் ஒருசேரக் கெட்டுவிட்டன என்று எண்ணாதீர்கள். இரண்டுக்கும் பொதுவாக இருக்கும் வோல்டேஜ் ஸ்டெபிலைசரைத்தான் சந்தேகிக்க வேண்டும். தீப்பெட்டியைவிடச் சிறிய அந்தத் தகரப் பெட்டிக்குள் இருக்கும் ஈருலோகப் பட்டை, சூடாகி விலகியும் ஆறி ஒட்டியும், சராசரியாக 10 வோல்ட் கிடைக்கும்படி மின்சாரத்தை விட்டு விட்டு அனுப்புகிறது. பழுதாகி ஒட்டியே நின்றுவிட்டால் பேட்டரியின் முழு வோல்டேஜும் முள்களுக்குப் போய்விடும். சோதனை விளக்கு ஒன்றை அதன் வெளிமுனையில் இணைத்துப் பாருங்கள். விட்டு விட்டு எரிந்தால் அது உயிரோடு இருக்கிறது, நின்று எரிந்தால் போய்விட்டது. அதன் உடல் காரின் உலோகத்தோடு நன்றாகத் தொடுகிறதா என்பதையும் முதலில் சுரண்டிப் பாருங்கள், ஏனென்றால் தரையிணைப்பு விட்டுப்போனாலும் இதே கோளாறுதான் தோன்றும். புதிதாக வாங்கும்போது ஒரு கண்ணி இருக்கிறது. அந்தக் காலத்துக் கார்கள் பலவற்றில் பேட்டரியின் நேர்முனையே உடலோடு இணைக்கப்பட்டிருந்தது. பின்னாளில் ரேடியோ வைப்பதற்காகவும், ஆல்டர்னேட்டர் மாட்டுவதற்காகவும் பலர் அதை மாற்றிவிட்டார்கள். பழைய ஈருலோக வகைக்கு எந்த முனை என்பது பொருட்டன்று. இப்போது விற்கும் மின்னணு வகைக்கு அது உயிர்நாடி; முனை மாறினால் இணைத்த கணத்திலேயே புகைந்துவிடும். பேட்டரியின் எந்த முனை உடலுக்குப் போகிறது என்று பார்த்து, அதைக் குறிப்பிட்டே வாங்குங்கள்.

மின்சாரம் பற்றிப் பேசுவதால், எம்ஜியும் மாரிஸும் வைத்திருக்கும் மற்ற வாசகர்களுக்காக ஒரு சொல். லூகாஸ் பெட்டியில் 35 ஆம்பியர் என்று எழுதிய கண்ணாடி பியூஸ், 35 ஆம்பியரில் எரிந்துபோவது. தொடர்ந்து தாங்குவது 17 ஆம்பியரே. சிம் லிம் டவரில் 35 ஆம்பியர் என்று கேட்டு வாங்கும் பொதுவகைப் பியூஸ் 35 ஆம்பியரைத் தொடர்ந்து தாங்கும். அதைப் போட்டால் பியூஸுக்கு முன்பு வயர் எரியும்.

பிரேக் ரப்பர்களில் சிக்கனம் வேண்டாம், அவசரமும் வேண்டாம். ஜாலான் புசார் வட்டாரத்து எண்ணெய்க் குழாய்க் கடைகளில் உங்கள் பழைய சீலைக் காட்டினால், அதே அளவுள்ள ஓ-ரிங் ஒன்றை உடனே எடுத்து நீட்டுவார்கள். அது நைட்ரைல் ரப்பராகவே இருக்கும். கனிம எண்ணெய்க்கு அது சிறந்தது. கிளைக்கால் வகைப் பிரேக் திரவத்தில் ஊறி உப்பிவிடும். பிரேக் மிதியை எடுத்த பிறகும் சக்கரம் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும், அல்லது சீலின் உதடு கிழிந்து திரவம் கசியும். பிரேக்குக்கென்றே விற்கும் சீல் தொகுதியை, சிலிண்டரின் வார்ப்பில் அங்குலத்தில் பொறித்திருக்கும் உள்விட்டத்தைச் சொல்லி வாங்குங்கள். சிலிண்டரின் உட்சுவரில் விரலை விட்டுப் பாருங்கள். நகத்தில் தட்டும் குழிகள் இருந்தால் புது ரப்பரும் நிலைக்காது. புதுச் சிலிண்டர் கிடைக்காத வகையாக இருந்தால், துருப்பிடிக்காத எஃகுக் குழலை உள்ளே இறக்கிச் சரியான விட்டத்துக்குக் கடைந்து தருவார்கள். அது மூலத்தைவிட நீடித்து உழைக்கும்.

இந்த இடத்தில் பழைய இருப்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். விற்காமல் கிடங்கில் தங்கிப்போன, பெட்டி பிரிக்காத ஸ்டான்பார்ட் (ஸ்டாண்டர்டு டிரையம்ஃபின் சொந்த உதிரிபாகப் பெயர்) அல்லது லூகாஸ் பாகம் என்றால் பலருக்கும் கை நடுங்கும். விலையும் அதற்கேற்ப இருக்கும். உலோகப் பாகங்கள், சுவிட்சுகள், விளக்குக் கண்ணாடிகள் ஆகியவற்றுக்கு அந்த விலை தகும். டிஸ்டிரிபியூட்டரின் ரோட்டார், கண்டென்சர் போன்றவற்றில் இன்றைய மலிவு நகல்கள் சூடானதும் மின்சாரத்தைக் கசியவிட்டு வழியில் நிறுத்திவிடுவது எல்லாருக்கும் தெரிந்த கதை என்பதால், அவற்றிலும் நல்ல பழைய இருப்பையோ, பெயர்பெற்ற தயாரிப்பாளரின் சீர்படுத்திய வகையையோ தேடுவதில் அர்த்தமுண்டு. ஆனால் ரப்பரில் பழைய இருப்பு என்பதே கிடையாது. பெட்டிக்குள் ஐம்பது ஆண்டு கிடந்த ரப்பர் பெட்டிக்குள்ளேயே கிழடாகிவிட்டது. நம் ஊர் வெப்பத்தில் சில மாதங்களில் வெடித்துவிடும். பழைய பிரேக் லைனிங், கிளட்ச் தட்டு, கேஸ்கெட் ஆகியவற்றையும் பழைய இருப்பாக வாங்காதீர்கள். அக்காலத்தில் அவற்றில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்தார்கள். அந்தத் தூசு நுரையீரலுக்கு எமன்.

இப்போது உங்கள் சென்னைக் கேள்விக்கு வருகிறேன். கேள்விப்பட்டது உண்மைதான். 1948இல் தொடங்கப்பட்ட ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா, சென்னையை அடுத்த வண்டலூர்த் தொழிற்சாலையில் 1961 முதல் ஸ்டாண்டர்டு ஹெரால்டைச் செய்தது. சென்னையின் பாடிப் பகுதியில் லூகாஸ்-டிவிஎஸ், பிரேக்ஸ் இந்தியா ஆகிய நிறுவனங்கள் 1960களின் தொடக்கத்திலேயே எழுந்தன. முதலாவது லூகாஸ் மின்சாதனங்களையும் இரண்டாவது கர்லிங் பிரேக்குகளையும் அங்கேயே செய்தன. ஆகவே புதுப்பேட்டையின் சந்துகளிலும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைகளிலும் ஹெரால்டுக்கு உறவான பாகங்கள் அவ்வப்போது தலைகாட்டுவதில் வியப்பில்லை. ஆனால் உறவு எவ்வளவு நெருக்கம் என்பதை அறிந்தே வாங்க வேண்டும். சென்னை ஹெரால்டில் இருந்தது 948 சிசி எஞ்சின். அதன் சிலிண்டர் விட்டம் 63 மி.மீ. உங்கள் 1147 சிசி எஞ்சினில் அது 69.3 மி.மீ. பிஸ்டன், ரிங், ஹெட் கேஸ்கெட் எதுவும் ஒத்துவராது. பிற்காலத்தில் அங்கே நான்கு கதவுகளோடு தங்கள் தேவைக்கேற்ப உடலையும் மாற்றிக்கொண்டதால் கதவு, கண்ணாடி, ரப்பர் விளிம்பு ஆகியவற்றையும் மறந்துவிடுங்கள். டைனமோவின் உட்பாகங்கள், சுவிட்சுகள், விளக்கு ஹோல்டர்கள், கர்லிங் சிலிண்டரின் உலோகப் பகுதிகள், முன்சக்கரத் தொங்கமைப்பின் சில்லறைப் பாகங்கள் ஆகியவற்றில்தான் வாய்ப்பு உண்டு. உங்கள் உறவினரிடம் "ஹெரால்டு பாகம் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்" என்று சொல்லி அனுப்புவதில் பயனில்லை; அவர் என்ன கேட்டாலும் "இருக்கு சார்" என்றுதான் பதில் வரும். உங்கள் பழைய பாகத்தை அளவுகோலோடு சேர்த்துப் படமெடுத்து, வார்ப்பில் உள்ள எண், இரண்டு மூன்று அளவுகள் ஆகியவற்றைத் தாளில் எழுதிக் கொடுத்து, கடையில் எடுத்த பாகத்தையும் அதேபோல் அளவுகோலோடு படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். படம் பொருந்தினால் மட்டும் பணம்.

டிரன்னியனை மட்டும் சென்னையிலிருந்தோ, வேறெங்கிருந்துமோ பழையதாக வாங்க வேண்டாம். ஹெரால்டின் முன்சக்கரத்தைத் தாங்கும் நெடுந்தண்டின் அடிமுனை, வெண்கல டிரன்னியனுக்குள் மரையாக இறங்கித் திரும்புகிறது. சக்கரம் திரும்பும்போதெல்லாம் அந்த மரைதான் சுழல்கிறது. இடப்பக்கத்து மரையும் வலப்பக்கத்து மரையும் எதிரெதிர்த் திசையில் வெட்டப்பட்டவை, இரண்டையும் கலந்துவிடாதீர்கள். அதற்கு இட வேண்டியது இபி 90 ஹைபாய்டு கியர் எண்ணெய். கிரீஸ் அன்று. பல பட்டறைகளில் நிப்பிளைக் கண்டதும் கிரீஸ் துப்பாக்கியை வைத்துவிடுகிறார்கள். கிரீஸ் மரையின் அடிவரை இறங்காமல் இறுகிப்போய், உள்ளே நீர் தங்கித் தண்டு அரிக்கப்பட்டு, ஒருநாள் திருப்பத்தில் ஒடிந்து சக்கரம் மடங்கிவிடும். உங்கள் காரில் இதுவரை எதை இட்டார்கள் என்று தெரியாத நிலையில், டிரன்னியனோடு தண்டுகளையும் கழற்றி, மரைப் பகுதியைத் துடைத்து, விரிசல் சோதனை செய்துவிட்டுத்தான் மறுபடி மாட்ட வேண்டும். இதற்குரிய பாகங்கள் டிரையம்ஃபின் இன்னொரு காரான ஸ்பிட்ஃபயருக்கும் பொதுவாக இருப்பதால் இங்கிலாந்தில் தட்டுப்பாடு இல்லை. டிரையம்ஃப் கார்களுக்கென்றே இருக்கும் கேன்லி கிளாசிக்ஸ் போன்ற கடைகளில் புதிதாகவே கிடைக்கும். 1977இல் தொடங்கிய டிரையம்ஃப் ஸ்போர்ட்ஸ் சிக்ஸ் கிளப் ஹெரால்டையும் தன் பொறுப்பில் வைத்திருக்கிறது, அயல்நாட்டவரும் உறுப்பினராகலாம். எந்தத் தயாரிப்பாளரின் டிரன்னியன் நன்றாக இருக்கிறது, எந்தத் தொகுதி சரியில்லை என்ற செய்தி அங்கேதான் முதலில் அடிபடும். சந்தாப் பணம் அதற்கே தகும்.

கண்ணாடி ஏற்றும் கைப்பிடியின் பின்னுக்காக இங்கிலாந்துக்கு எழுத வேண்டியதே இல்லை. கைப்பிடிக்குப் பின்னாலுள்ள வட்டத் தட்டை உள்நோக்கி அழுத்தினால் தெரியும் துளையில் குறுக்கே செருகும் சிறு உருளைதான் அது. நல்லெஃகுக் கம்பியில் துளையின் விட்டத்துக்கு ஒரு துண்டை வெட்டி, முனைகளை அரத்தால் மழுக்கிச் செருகிவிடலாம். தட்டு திரும்பி வந்து அதை மூடிக்கொள்ளும் என்பதால் அது வெளியே வராது. கைப்பிடியே உடைந்திருந்தால் அது துத்தநாக வார்ப்பாக இருக்கும். குழி விழுந்த துத்தநாகத்தின்மேல் மீண்டும் குரோமியம் பூசுவது கடினமான வேலை. நன்றாகப் பூசித் தருபவர் வாங்கும் கூலியில் நகல் கைப்பிடி இரண்டு வாங்கிவிடலாம்.

முப்பரிமாண அச்சு பற்றி என் கருத்து இது. தேசிய நூலக வாரியத்தின் மேக்இட் கூடங்களில் அதைக் கற்றுக்கொள்ளலாம். அங்கும் வீட்டு எந்திரங்களிலும் வழக்கமாகப் பயன்படும் பிஎல்ஏ பிளாஸ்டிக் ஏறத்தாழ 60 பாகை செல்சியஸில் இளகத் தொடங்கும். நண்பகல் வெயிலில் சாத்தி நிற்கும் காரின் டாஷ்போர்டு அந்தச் சூட்டைத் தொடுவதற்கு நெடுநேரம் ஆகாது. எனவே அதை முடிந்த பாகமாக மாட்டாதீர்கள். அளவு சரிபார்க்கும் மாதிரியாக மட்டும் பயன்படுத்துங்கள். வேகம் காட்டும் கருவியின் சிறு குமிழ், கதவின் முன்மூலையில் உள்ள சிறு முக்கோணக் கண்ணாடியின் திருகு, பெயர்ப் பலகை எழுத்து போன்றவற்றுக்கு இன்னொரு வழி இருக்கிறது. எரித்து நீக்கும் மெழுகுவகைப் பிசினில் அச்சிட்டு, அதை நகைத் தொழிலில் உள்ள வார்ப்புக்காரர் ஒருவரிடம் கொடுத்துப் பித்தளையில் வார்த்துக்கொள்வது. சிராங்கூன் சாலைச் சுற்றுவட்டாரத்தில் நகைப் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை. தங்கத்துக்குச் செய்வதைத்தான் பித்தளைக்கும் செய்யப்போகிறார்கள், ஒத்துக்கொள்பவரைத் தேடிப்பிடிப்பதே வேலை. பித்தளை ஆறும்போது நூற்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு பங்கு வரை சுருங்கும் என்பதால் மாதிரியை அந்த அளவு பெரிதாக அச்சிடுங்கள். பாரம் தாங்கும் பாகம், திசைமாற்றியைச் சேர்ந்த பாகம், பிரேக்கைச் சேர்ந்த பாகம் எதற்கும் இந்த வழி கூடாது.

பேரிங், ஆயில் சீல் இரண்டுக்கும் காரின் பெயரையே சொல்லாதீர்கள். வளையத்தில் உள்ள எண்ணும், உள்விட்டம், வெளிவிட்டம், அகலம் ஆகிய மூன்று அளவுகளும் போதும். அங்குல அளவு வைத்திருக்கும் பேரிங் கடைகள் இங்கே உண்டு. சுங்கை ரோடு பழம்பொருள் சந்தை 2017 ஜூலையில் மூடப்பட்டதிலிருந்து இப்படிப்பட்டவற்றைத் தரையில் விரித்து விற்பவர்கள் சிதறிவிட்டார்கள். ஆனாலும் சின் மிங், காக்கி புக்கிட் பட்டறைகளில் மூத்த மெக்கானிக்குகளின் அலமாரிகளில் இன்னும் சில டப்பாக்கள் இருக்கின்றன. பழைய பாகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு நேரில் போய் மரியாதையாகக் கேளுங்கள். தொலைபேசியில் கேட்டால் "இல்லை" என்பதே விடை.

செலவுக் கணக்குக்கு வருவோம். பிரிட்டிஷ் விற்பனையாளரின் விலைப்பட்டியலில் அந்நாட்டு மதிப்புக் கூட்டு வரி 20 விழுக்காடு சேர்ந்திருக்கும். ஏற்றுமதிக்கு அதைக் கழித்துத் தருவார்கள் என்பதால், 120 பவுண்டு என்று போட்டிருப்பது உங்களுக்கு 100 பவுண்டு. கழிக்கிறாரா என்று வாங்குமுன் கேட்டுவிடுங்கள். இங்கே கார்ப் பாகங்களுக்குச் சுங்கத் தீர்வை இல்லை. பொருள், சேவை வரி 9 விழுக்காடு உண்டு. விமானத்திலோ அஞ்சலிலோ வரும் பொருளின் மதிப்பு, அனுப்பும் கட்டணமும் காப்புறுதியும் சேர்ந்து 400 வெள்ளியைத் தாண்டினால் எல்லையில் வரி கட்ட வேண்டும். கூரியர் நிறுவனம் தானே கட்டிவிட்டு அதற்கொரு சேவைக் கட்டணத்தையும் சேர்த்துக் கேட்கும். 400க்குள் இருந்தால், 2023 முதல், இங்கே பதிவுசெய்துகொண்ட அயல்நாட்டு விற்பனையாளர்களும் இணையச் சந்தைகளும் விற்கும்போதே அந்த வரியை வாங்கிக்கொள்கிறார்கள். ஆகவே வரியைவிட அஞ்சல் செலவே உங்களை வாட்டுகிறது. ஒவ்வொன்றாக வரவழைப்பதை நிறுத்துங்கள். மூன்று மாதத்துக்கு வேண்டியதைச் சேர்த்து, ஒரே கடையில் முடிந்தவரை வாங்கி, ஒரே பெட்டியாகக் கட்டச் சொல்லுங்கள். ஹெரால்டு வைத்திருக்கும் இன்னொருவர் இங்கே இருந்தால் அவர் பட்டியலையும் சேர்த்துக்கொள்ளலாம். பிரேக் திரவம், பசை, பெயின்ட், தெளிப்பான் ஆகியவற்றை அந்தப் பெட்டியில் சேர்த்தால் விமானத்தில் ஏற்ற மறுப்பார்கள். அவை இங்கேயே கிடைக்கும்.

சென்னையிலிருந்து உங்கள் உறவினர் கையில் கொண்டுவந்தால், 48 மணி நேரமோ அதற்கு மேலோ வெளிநாட்டில் இருந்துவிட்டு இங்கே வரும் பயணிக்கு 500 வெள்ளி வரையிலான பொருளுக்கு வரிச் சலுகை உண்டு. வேலை அனுமதி அட்டையில் இருப்பவர்களுக்கு அது பொருந்தாது. பழைய கார்புரேட்டரையும் பெட்ரோல் பம்பையும் அப்படியே பெட்டியில் வைத்தால் பெட்ரோல் வாடைக்காக விமான நிலையத்தில் எடுத்து வைத்துவிடுவார்கள். பிரித்து, கழுவி, நன்றாகக் காயவைத்து, உலர்ந்த பையில் கட்டிக் கொண்டுவரச் சொல்லுங்கள். தனியாரிடம் இணையத்தில் வாங்குவதென்றால் பாகத்தின் எண் தெரியும்படி படம் கேளுங்கள், பணத்தை வாங்குபவருக்குப் பாதுகாப்புள்ள வழியில் மட்டும் அனுப்புங்கள். "நண்பருக்கு அனுப்புவதுபோல் அனுப்புங்கள், கட்டணம் மிச்சம்" என்பவரிடம் வாங்காமலிருப்பதே மிச்சம்.

உங்கள் பட்டியலில் முதலில் வரவழைக்க வேண்டியவை டிரன்னியனும் பிரேக் சீல்களும். அவற்றோடு ஒரு 2 பி.ஏ. டேப், பத்துத் திருகு, முனை பார்த்துத் தேர்ந்த ஸ்டெபிலைசர் ஆகியவற்றைச் சேர்த்து ஒரே பெட்டியாகக் கேளுங்கள். கைப்பிடி நகலும் அதிலேயே வந்துவிடும். பெட்டி வரும்வரை முன்சக்கரத் தண்டுகளைக் கழற்றிச் சோதனைக்குக் கொடுத்துவிடலாம். தண்டில் விரிசல் தெரிந்தால், பெட்டி கிளம்புமுன் அதையும் சேர்த்துவிட வசதியாக, கடைக்காரரிடம் ஒரு வாரம் பொறுக்கச் சொல்லி வையுங்கள்.